வீட்டு ரொட்டி சானாய் (நம்ம மலேசியப் பரோட்டா): இழுத்தா கிழியுது, சுட்டா விறைக்குது. எங்க தப்பு?

செந்தூல்_அடுப்படி
500 கிராம் கோதுமை மாவு, 1 முட்டை, 300 மி.லி. தண்ணி, உப்பு, ரெண்டு கரண்டி மாஜெரின். பிசைஞ்சு அரை மணி நேரம் ஊற விட்டு இழுத்தா பாதியிலேயே கிழியுது. கிழியாம தப்பிச்சது கல்லுல விழுந்ததும் சுருங்கித் தடிச்சுப் போகுது. ஆறினா பல்லுக்கு வேலை. மூணு வாரமா இதே பாடு. மாவை விசிறத் (வீசி மெலிசாக்கத்) தெரியாததுதான் காரணமா, இல்ல மாவுலயே கோளாறா? தெரிஞ்சவங்க அளவோட சொல்லுங்க. "கண்ணளவு போதும்"னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க, லா.

பட்டர்வொர்த்_பசியாறி
அரை மணி நேரமா? அங்கேயே முடிஞ்சுது கதை.

மாவுக்கை
விசிறலைத் தள்ளி வைங்க முதல்ல. விசிறவே தெரியாதவங்களும் மேசையிலயே இழுத்து, அடியில இருக்கிற மேசை தெரியுற அளவுக்குக் கொண்டு வரலாம். பிசையும்போது கோதுமையில இருக்கிற புரதம் வலை மாதிரி பின்னிக்குது. பின்னின உடனே இழுத்தா ரப்பர் மாதிரி திரும்பிச் சுருங்கும். அதுக்கு மேல இழுத்தா அறுந்துடும். உங்க ரொட்டி கல்லுல சுருங்குறதும் இதே காரணத்தாலதான். அந்த வலை தளர நேரம் வேணும். நம்ம ஊர் சூட்டுல குறைஞ்சது 4 மணி நேரம், 5 அல்லது 6 ஆனா இன்னும் நல்லது.

ரெண்டாவது கோளாறு தண்ணி. ஒரு முட்டையிலயே 35, 40 மி.லி. தண்ணி இருக்கு. அதோட 300 ஊத்தினா 500 கிராம் மாவு தாங்காது. கையில ஒட்டும், ஒட்டுதேன்னு மேல மாவு தூவுவீங்க, தூவின இடம் காஞ்சு அங்கதான் முதல்ல கிழியும்.

எடை போட்டு எழுதுறேன்:

மாவு 500 கிராம்
தண்ணி 275 மி.லி. (முட்டை போட்டா 235)
உப்பு 8 கிராம்
கெட்டிப் பால் (டின்ல வர்ற இனிப்புப் பால்) 30 கிராம், அதாவது ஒன்றரை மேசைக்கரண்டி
மாஜெரின் 40 கிராம், இது மாவுக்குள்ள. மேல பூச இன்னும் 60, 70 தனியா வேணும்

இதுல 85 கிராம் உருண்டை பத்து வரும். முட்டை கட்டாயம் இல்ல. கெட்டிப் பால் ருசிக்கு மட்டும்னு நினைக்காதீங்க, அதுல இருக்கிற சர்க்கரைதான் மேல அந்தப் பழுப்புப் புள்ளிகளைக் கொண்டு வருது. அதுக்காக ரெண்டு பங்கு ஊத்தினா உள்ள வேகுறதுக்குள்ள வெளிய கருகிடும்.

தண்ணில உப்பையும் பாலையும் கரைச்சு ஊத்திப் பிசைங்க. 10 நிமிஷம். மூடி வச்சு 20 நிமிஷம் விடுங்க. திரும்ப 3 நிமிஷம் பிசைஞ்சா, முன்ன சொரசொரன்னு இருந்தது வழுவழுன்னு ஆயிடும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பிதுக்கி உருண்டை பிடிங்க, அப்பத்தான் மேல மடிப்பு விழாது. ஒவ்வொரு உருண்டைக்கும் மாஜெரினைத் தாராளமா பூசி, தட்டுல ஒட்டி ஒட்டி அடுக்கி, காத்து புகாம மூடுங்க. ஒரு இடத்துல பூச்சு விட்டுப் போனாலும் அங்க தோல் கட்டும். இழுக்கும்போது அந்தத் தோல்தான் ஓட்டையா வரும்.

பங்சார்_கோப்பி_ஓ
என்ன மாவு? கடையில நாலு வகை அடுக்கி வச்சிருக்காங்களே.

மாவுக்கை
பாக்கெட்டுக்குப் பின்னால சத்துப் பட்டியல்ல 100 கிராமுக்கு எவ்வளவு புரதம்னு பாருங்க. 10, 11 இருந்தா எடுங்க. சாதாரண "செர்பாகுனா" (எல்லாத்துக்கும் ஆகுற) மாவு பெரும்பாலும் அந்த அளவுலதான் இருக்கும். ரொட்டி பேக்கரிக்கான மாவு 12க்கு மேல, ஊறினாலும் சுருங்கும். கேக் மாவு 8, 9. இழுத்தா இழுத்த இடத்துலயே நைஞ்சு போகும்.

தமிழ்நாட்டுல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: மலேசியாவுல நாங்க கோதுமை மாவுன்னு சொல்றது உங்க மைதா. உங்க கோதுமை மாவு இங்க ஆட்டா. ஆட்டாவுல இதைச் செஞ்சிட்டு எங்களைத் திட்டாதீங்க.

ஆயர்_ஈத்தாம்_அக்கா
மாவுக்கை தம்பி சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கணும். முட்டை போட்ட மாவை ராத்திரி முழுக்க வெளிய வைக்கக் கூடாது, நம்ம 30 டிகிரி சூட்டுல கெட்டுப் போயிடும். ராத்திரி பிசைஞ்சு காலையில பசியாறணும்னா, 2 மணி நேரம் வெளிய வச்சு அப்புறம் ஐஸ் பெட்டியில வைங்க. காலையில எடுத்த உடனே இழுத்தா திரும்பவும் கிழியும். மாஜெரின் உறைஞ்சிருக்கும், மாவும் விறைச்சிருக்கும். ஒன்றரை மணி நேரமாவது வெளிய இருக்கட்டும். ஏழு மணிக்கு ரொட்டி வேணும்னா அஞ்சரைக்கு ஒருத்தர் எழுந்து தட்டை வெளிய எடுத்து வைக்கணும், வேற வழி இல்ல.

ஊறிடுச்சான்னு பார்க்க, விரலால ஒரு அழுத்து. குழி அப்படியே நின்னா சரி. மேல எழும்பி வந்தா இன்னும் ஒரு மணி நேரம்.

செந்தூல்_அடுப்படி
@மாவுக்கை சரி, விசிறாம எப்படி இழுக்கிறது? அதையும் படிப்படியா சொல்லிடுங்க.

மாவுக்கை
மேசை வழுவழுன்னு இருக்கணும். எவர்சில்வர், பளிங்கு, கண்ணாடி எதுவும் சரி. பலகை வேண்டாம், எண்ணெயைக் குடிச்சிட்டு மாவைப் பிடிச்சுக்கும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் தடவி, உருண்டையை உள்ளங்கையால நடுவுல இருந்து வெளிய தள்ளித் தட்டுங்க, 20 சென்டிமீட்டர் வரைக்கும். இனிமேல் நடுவைத் தொடாதீங்க. ஓரத்துக்கு அடியில நாலு விரலை விட்டு, கொஞ்சம் தூக்கி, வெளிப்பக்கமா இழுத்து மேசையிலயே ஒட்டி விடுங்க. ஒரு கை அளவு நகர்ந்து அடுத்த இடம். ஒரு சுத்து முடிஞ்சதும் ரெண்டாவது சுத்து. ஒரே இடத்துல நின்னு ரெண்டு தடவை இழுக்கிற ஆசை வரும், அங்கதான் கிழியும்.

மூணாவது சுத்துல 45, 50 சென்டிமீட்டர் வந்துடும். உள்ள கையை விட்டா ரேகை தெரியும். ஓரம் மட்டும் கயிறு மாதிரி தடிப்பா நிக்கும். அதை விட்டா சுருளோட நடுவுல வேகாத கட்டியா மாட்டிக்கும். விரல் நுனியால கிள்ளிக் கிள்ளி அதையும் மெலிசாக்குங்க.

சின்ன ஓட்டை நாலஞ்சு விழுந்தா கவலைப்படாதீங்க, சுருட்டும்போது மறைஞ்சிடும். உருக்கின மாஜெரினும் எண்ணெயும் சரிபாதி கலந்து, மேல ஒரு தேக்கரண்டி தெளிங்க. ஒரு பக்கத்தைத் தூக்கி, அடியில காத்து புகுற மாதிரி தளர்வா மடிச்சு, நீளக் கயிறாக்கி, நத்தை மாதிரி சுத்தி, வாலை அடியில செருகுங்க. இறுக்கிச் சுத்தினா அடுக்கு ஒட்டிக்கும். 15 நிமிஷம் விடுங்க. அப்புறம் விரலால தட்டி அரை சென்டிமீட்டர் தடிமனுக்கு விரிங்க. குழவி எடுத்து உருட்டினீங்கன்னா இவ்வளவு நேரம் கட்டின அடுக்கை நீங்களே நசுக்கின கணக்கு.

சுலியா_தெரு
அளவுல எனக்கு மறுப்பு இல்ல. விசிறலைத் தள்ளி வைக்கிறதுலதான் ஒப்பு இல்ல. கையால இழுத்தா எப்பவும் நடு தடிப்பா, ஓரம் மெலிசா வரும். விசிறும்போது மாவோட எடையே மாவை இழுக்குது, ஒரே சீரா. நேரமும் பாருங்க: விசிறினா ஒரு ரொட்டிக்குப் பத்து விநாடி, இழுத்தா ரெண்டு நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷத்துல மெலிசான மாவு மேல காத்து பட்டு காய ஆரம்பிக்கும்.

பினாங்கு டிரான்ஸ்ஃபர் ரோட்டுல காலையில ரொட்டி போடுற இடத்துல நின்னு மேசையை மட்டும் பாருங்க. பெரும்பாலானவங்க முகத்தையும் மேல பறக்கிற மாவையும் பார்ப்பாங்க, சங்கதி அங்க இல்ல. ஓரத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு, மாவோட முன்பக்கத்தை மேசையில பட்டுன்னு ஒட்ட விட்டு, ஒட்டின நொடியில கையைத் தன் பக்கமா இழுத்துத் தூக்குறாங்க. மேசை முன்பக்கத்தைப் பிடிச்சுக்குது, கை பின்பக்கத்தை இழுக்குது. மணிக்கட்டு சுழலுது, தோள் அசையுறதே இல்ல. நாலஞ்சு அறை, அவ்வளவுதான். பழக மாவை வீணாக்க வேண்டாம், 40 சென்டிமீட்டர் ஈரத் துணி ஒண்ணு போதும். துணி சுருண்டு விழாம தட்டையா மேசையில விழ ஆரம்பிச்சா கை வந்துடுச்சுன்னு அர்த்தம்.

மாவுக்கை
@சுலியா_தெரு பத்து ரொட்டி போடுற வீட்டுக்கும் பல நூறு போடுற கடைக்கும் நேரக் கணக்கு ஒண்ணா, அண்ணே? ஊறாத மாவை உலகத்துல யார் விசிறினாலும் கிழியும். ஊறின மாவை யார் இழுத்தாலும் வரும்.

சுலியா_தெரு
ரெண்டாவது வரிக்கு ஒப்புக்கிறேன். "யார் இழுத்தாலும்"ங்கிறது கொஞ்சம் அதிகம்.

பங்சார்_கோப்பி_ஓ
இண்டக்‌ஷன் அடுப்புல கல்லு நடுவுல மட்டும் கருகுது. எண்ணெயும் புகையுது.

ஆயர்_ஈத்தாம்_அக்கா
இண்டக்‌ஷன்ல நடு வட்டம்தான் சூடாகும், ஓரத்துக்குச் சூடு பரவ நேரம் பிடிக்கும். கனமான இரும்புக் கல்லை நடுத்தரத்துக்கும் கீழ வச்சு 7 நிமிஷம் காய விடுங்க. அவசரப்பட்டு ஏத்தினா நடுவுல கரியும் ஓரத்துல பச்சை மாவும்தான். ஒரு சொட்டு தண்ணி தெளிச்சா சுர்ருன்னு ரெண்டு மூணு விநாடியில ஆவியாகணும். முத்து மாதிரி உருண்டு ஓடினா கல்லு மிஞ்சிப் போச்சு, இறக்கி வைங்க. தெளிச்ச தண்ணி அப்படியே தங்கினா இன்னும் காயல.

ரொட்டி போட்டதும் ஓரத்துல ஒரு தேக்கரண்டி எண்ணெய். முதல் பக்கம் 2 நிமிஷம், திருப்பி ஒன்றரை நிமிஷம், திரும்ப ரெண்டு பக்கமும் அரை அரை நிமிஷம். எண்ணெயைக் கஞ்சத்தனம் பண்ணினா சப்பாத்தி ஆயிடும்.

மாவுக்கை
கல்லுல இருந்து எடுத்ததும் தட்டுறதை விட்டுடாதீங்க, அக்கா. பாதிப் பேர் அதை வெறும் சத்தம்னு நினைக்கிறாங்க. ரொட்டியைப் பலகையில போட்டு, ரெண்டு பக்கமும் துணி சுத்தின கையால நடுப்பக்கமா நெருக்கி ஒரு அறை. கால் சுத்து திருப்பி இன்னொண்ணு. மொத்தம் மூணு. சுருள் அவிழ்ந்து உள்ள இருக்கிற ஆவி புஸ்ஸுன்னு வெளியேறும். அந்த ஆவி உள்ளயே தங்கினா தண்ணியா மாறி அடுக்கையெல்லாம் ஒட்டிடும், செந்தூல்_அடுப்படி சொன்ன பல்லுக்கு வேலை அங்கதான் தொடங்குது. எடுத்த அரை நிமிஷத்துக்குள்ள தட்டணும். ஆறினப்புறம் தட்டினா பிரியாது, பொடியும். சுட்டதை மூடி போட்ட டப்பாவுல அடுக்கக் கூடாது; துணி விரிச்ச கூடை நல்லது.

பட்டர்வொர்த்_பசியாறி
யுனெஸ்கோ 2024 டிசம்பர்ல மலேசியாவோட காலைப் பசியாறல் கலாசாரத்தைப் பட்டியல்ல சேர்த்தாங்களே. நாசி லெமாக் (தேங்காய்ப் பால் சோறு), ரொட்டி சானாய், தே தாரிக் (இழுத்து ஆத்தின பால் தேநீர்) மூணையும் சொல்லித்தான். இந்த இழையில ரொட்டி மட்டும்தான் ஓடுது, கறியைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கல. ரொட்டிக்குப் பருப்புக் கறி எப்படி?

சுலியா_தெரு
மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) பருப்புக்கு மைசூர் பருப்பு 150 கிராம், துவரம் பருப்பு 50 கிராம். மைசூர் பருப்பு கரைஞ்சு கொழகொழப்பு கொடுக்கும், துவரை கொஞ்சம் உருவத்தோட நிக்கும். துவரையை மட்டும் அரை மணி நேரம் ஊற வைங்க, இல்லன்னா ரெண்டும் ஒண்ணா வேகாது. 1 லிட்டர் தண்ணி, அரை தேக்கரண்டி மஞ்சள், ஒரு உருளைக்கிழங்கு, அரை கேரட், பூண்டு நாலு பல். 25 நிமிஷம்.

தக்காளியும் புளியும் பருப்பு மசிஞ்சப்புறம்தான். புளிப்பு முதல்லயே விழுந்தா பருப்பு எவ்வளவு கொதிச்சாலும் உள்ள கடுக்குன்னே இருக்கும். கத்திரிக்காய் போடுறதுன்னா கடைசி 8 நிமிஷம். தாளிக்க கடுகு, காஞ்ச மிளகாய் 3, சின்ன வெங்காயம் 6, கறிவேப்பிலை, கால் தேக்கரண்டி வெந்தயம். வெந்தயத்தைக் கடைசியா போட்டு, நிறம் மாறத் தொடங்கும்போதே கொட்டிடுங்க. கறுத்தா பானையே கசக்கும்.

பருப்பு ஆற ஆறக் கெட்டியாகும். அடுப்புல "சரியா இருக்கு"ன்னு தோணுற பதம் மேசையில களி. கொஞ்சம் தண்ணியாவே இறக்குங்க.

ஆயர்_ஈத்தாம்_அக்கா
சம்பாலும் (மிளகாய் அரைச்சு வதக்கினது) வேணும். காஞ்ச மிளகாய் 20, விதையைத் தட்டிட்டு வெந்நீர்ல 20 நிமிஷம். சின்ன வெங்காயம் 10, பூண்டு 3, பெலாச்சான் (இறால் சாந்து) ஒரு தேக்கரண்டி. பெலாச்சானை அலுமினியத் தாள்ல மடிச்சு கல்லுல ரெண்டு பக்கமும் 3 நிமிஷம் சுடுங்க. (அடுக்குமாடில இருக்கிறவங்க சன்னலைச் சாத்திட்டுச் செய்யுங்க, பக்கத்து வீட்டுக்காரங்க நாளைக்கும் முகம் கொடுக்கணும்.) எல்லாத்தையும் அரைச்சு, 100 மி.லி. எண்ணெய்ல சின்னத் தீயில வதக்கணும். 15, 20 நிமிஷம் ஆகும். எண்ணெய் கக்கி மேல மிதக்குற வரைக்கும் புளி, சர்க்கரை எதுவும் போடாதீங்க. அதுக்கு முன்னால இறக்கினா மிளகாயோட பச்சை நெடியும் வயித்தெரிச்சலும் மிச்சம். ஈரம் உள்ள தங்கினதால ரெண்டு நாள்ல கெட்டும் போகும்.

பங்சார்_கோப்பி_ஓ
வீட்டுல தே தாரிக் நுரைக்க மாட்டேங்குது. உயரத்துல இருந்துதான் ஊத்துறேன்.

பட்டர்வொர்த்_பசியாறி
உயரத்தைப் பார்க்காதீங்க, டின்னைத் திருப்பிப் பாருங்க. இப்ப கடையில கெட்டிப் பால்னு வாங்குற டின்ல நிறைய "கிரிமர் மானிஸ்" (இனிப்பு கிரீமர்), செம்பனை எண்ணெய் சேர்த்தது. "சூசு பெக்காட் மானிஸ்"னு எழுதியிருந்தா பால். ரெண்டுலயும் தேநீர் வரும், ஆனா ருசியும் கனமும் வேற. அடுத்தது தேயிலைச் சாயம். 250 மி.லி. கொதிநீருக்கு 8 கிராம் தேத்தூள், பொட்டலத் தேயிலை இல்ல, நல்ல பொடித் தூள். மூடி 5 நிமிஷம். வடிச்சு 30 கிராம் பால். குவளை ரெண்டையும் வெந்நீர்ல கழுவிச் சூடாக்குங்க, இல்லன்னா நாலு இழுப்புல ஆறிடும். முதல் ரெண்டு இழுப்பு கிட்ட இருந்து, பால் கரையட்டும். அப்புறம் ஒரு கை நீளம், ஆறு ஏழு தடவை. சாயம் மெலிசா இருந்தா கூரையில ஏறி ஊத்தினாலும் நுரை நிக்காது.

கெப்போங்_குவாலி
பினாங்கு வர்றேன், நாசி கண்டார் (பல கறி ஊத்தின சோறு) எங்க சாப்பிடலாம்? இழையை மாத்துறதுக்கு மன்னிக்கணும்.

சுலியா_தெரு
கேம்பல் ஸ்திரீட்ல ஹமீதியா, 1907ல தொடங்கினது. பினாங்கு ரோட்டுச் சந்துல லைன் கிளியர். கடையை விட நீங்க சொல்ற வார்த்தைதான் முக்கியம். சோறு, கோழி, வெண்டைக்காய்னு காட்டிட்டு "குவா சம்பூர்"னு சொல்லுங்க, மூணு நாலு குழம்பு கலந்து ஊத்துவாங்க. "பஞ்சிர்"னா சோறு மிதக்கும். தப்பாவ் (பொட்டலம்) கட்டுறதுக்கு அது ஆகாது, பொட்டலம் ஒழுகும். மீன் முட்டை, பெரிய இறால், கணவாய் மூணையும் தட்டுல வைக்கிறதுக்கு முன்னாலயே விலை கேளுங்க. வச்சப்புறம் கேட்டா அது விலை இல்ல, செய்தி.

கண்டார்னா தோள்ல காவடி மாதிரி சுமக்கிற கம்பு. துறைமுகத் தொழிலாளிகளுக்குத் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் அப்படித்தான் ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் கறியுமா சுமந்து வித்தாங்க. பேர் அங்கிருந்து வந்தது.

நிர்வாகி
நாசி கண்டாருக்குத் தனி இழை இருக்கு, அங்க தொடருங்க. இங்க ரொட்டி மட்டும்.

செந்தூல்_அடுப்படி
275 மி.லி., முட்டை இல்லாம, 5 மணி நேரம். பத்துல ஏழு கிழியாம 45 சென்டிமீட்டர் வந்துது. கல்லுல சுருங்கல. நடுவுல மட்டும் ரெண்டுல லேசா வேகாத மாவு. அது ஏன்?

மாவுக்கை
ஓரக் கயிறைக் கிள்ளாம விட்டிருப்பீங்க, இல்ல வாலை நடுவுல செருகியிருப்பீங்க. வால் அடியில, ஓரமா போகணும். சுருளை 15 நிமிஷத்துக்கு முன்னால தட்டினாலும் விரியாது, நடு குண்டாவே நிக்கும். கிழிஞ்ச மூணு உருண்டை தட்டோட ஓரத்துல இருந்ததா பாருங்க. ஓரத்துலதான் மாஜெரின் பூச்சு தட்டுக்கும் மூடிக்கும் ஒட்டிப் போய் காயும்.

செந்தூல்_அடுப்படி
ஓரத்துல இருந்ததுதான்! கடைசியா ஒண்ணு: மிச்சத்தை உறைய வைக்கலாமா?

ஆயர்_ஈத்தாம்_அக்கா
உருண்டையா வேண்டாம். உறைஞ்சு இளகினா மேல தண்ணி விட்டு ஒட்டும். சுருளைத் தட்டி விரிச்சு, பக்கத்துக்கு ஒரு நிமிஷம், வெள்ளை மாறாம அரை வேக்காடா சுட்டு எடுங்க. தட்டாதீங்க, அது பிறகு. முழுசா ஆறினதும் நடுவுல நெய்த்தாள் வச்சு அடுக்கி, பையில காத்தைப் பிழிஞ்சிட்டு உறைபெட்டியில போடுங்க. ஒரு மாசம் தாங்கும். வேணும்போது இளக வைக்காம நேரா நடுத்தரச் சூட்டுக் கல்லுல, எண்ணெயோட பக்கத்துக்கு 2 நிமிஷம். அப்ப தட்டுங்க. மைக்ரோவேவ்ல மட்டும் வைக்காதீங்க, சூடா இருக்கிறப்ப மெத்துன்னு இருக்கும், பருப்பு ஊத்துறதுக்குள்ள திரும்பவும் தோலாயிடும்.